மறக்கப்பட்ட துறவியும் மலைநாட்டு மக்களும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே சில்வெஸ்தர் என்னும் பெயருடையோர் பலருளர். கொழுந்து நிறுக்கும் இடத்திலும், கவ்வாத்து மலையிலும், ஹட்டன் பஸ் நிலையத்திலும் இப்பெயரைக் கூவி அழைப்பதைக் கேட்கலாம். யார் அந்தச் சில்வெஸ்தர் என்று வினவினால், விவரமறிந்தவர்கள் டிசம்பர் 31ஆந் திகதிக்குரிய பாப்பரசரைக் குறிப்பிடுவார்கள். அவர் நான்காம் நூற்றாண்டினர். கண்டிச்சீமைக் கத்தோலிக்கத்தோடு நேரான உறவுடைய சில்வெஸ்தர் வேறொருவர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இத்தாலியில் வாழ்ந்தவர். ஆசீர்வாதப்பரின் துறவு நெறியைச் சீர்திருத்த முனைந்தவர். சில்வெஸ்தர் குஸ்ஸொலினி என்பது அவர் பெயர். நம் தோட்டத்துக் கத்தோலிக்கரின் பாட்டன் பூட்டன்மாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருமாரிற் பலர் அவர் நிறுவிய சபையைச் சேர்ந்தவர்களே. எனினும் அந்தப் பேரப்பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால், அறியோம் என்றே கூறுவர்.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்திலே, மாரியம்மன் கோவில் தப்பொலி கேட்டு வளர்ந்தவன். அம்மா கொழுந்தெடுத்தாள், அப்பா கவ்வாத்து வெட்டினார். பக்தியின் பொருட்டு ஒரு துறவியைப் பற்றி எழுதவேண்டிய தேவை எனக்கில்லை. ஆயினும் சமுதாய மாற்றத்திலே அக்கறையுடையோர் இம்மனிதரை அறிந்திருத்தல் நன்று என்று கருதுகிறேன். ஏழ்மை, பொறுமை, துறவு ஆகிய சொற்களை நம் மக்களை நோக்கிச் சொன்னவர்கள் பலர். அச்சொற்களை உடையோரை நோக்கித் திருப்பியவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் இவர் ஒருவர்.

மத்திய இத்தாலியிலே மார்க்கே என்னும் பிரதேசத்தில் ஓசிமோ என்றொரு நகரம் உண்டு. அங்கே ஏறத்தாழ 1177ஆம் ஆண்டளவில், செல்வாக்குள்ள குடும்பமொன்றிலே சில்வெஸ்தர் பிறந்தார். சட்டம் பயிலும்படி தந்தை அவரைப் பொலோஞ்ஞாவுக்கு அனுப்பினார். அக்காலத்திலே சட்டக் கல்விக்கு ஐரோப்பாவில் அந்நகரே தலைமைப்பீடம். பட்டமும் பதவியும் பணமும் அந்த வழியிலே காத்திருந்தன. மகனோ சட்டத்தை விட்டு இறையியலுக்கு மாறினார். வெகுண்ட தந்தை பத்து ஆண்டுகள் மகனோடு பேசவில்லை என்று அவரது சரித்திரம் கூறுகிறது. அச்சரித்திரத்தை எழுதியவர், பிற்காலத்தில் அச்சபைக்குத் தலைவராக வந்த ஃபப்ரியானோ ஆந்திரேயா என்பவர். அடியார் ஒருவர் எழுதிய நூலாதலால் அற்புதங்களும் அதிலே கலந்துள்ளன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், எஞ்சி நிற்கும் மனிதர் சாமானியரல்லர்.

கல்வி முடித்து ஊர் திரும்பியவருக்கு ஓசிமோப் பேராலயத்திலே கானோன் பதவி கிடைத்தது. பேராலயத்தின் சொத்து வருமானத்திலே நிரந்தரப் பங்குடைய குருவுக்கு அப்பெயர். கவலையற்ற வாழ்வு, ஊரார் மதிப்பு. ஆனால் அவருடைய மேற்றிராணியாரின் நடத்தை ஊர்வாய்க்கு இரையாகியிருந்தது. சில்வெஸ்தர் அவரிடமே சென்று கண்டித்தார். மரியாதை குன்றவில்லை, உண்மையை மறைக்கவுமில்லை. பதவியைப் பறித்துவிடுவேன் என்ற மிரட்டலே அதற்குப் பதிலாகக் கிடைத்தது.

இதனை அடுத்து வரும் நிகழ்ச்சியே அவர் கதையிற் பெரிதும் பேசப்படுவது. அழகினாற் பெயர்பெற்றிருந்த ஒருவரின் உடல் அழுகிக் கிடப்பதைத் திறந்த கல்லறையொன்றிலே அவர் கண்டார். உலகை வெறுத்தார் என்பர். காதற்ற ஊசி கண்டு செல்வத்தை உதறிய பட்டினத்தாரின் கதையை நம் தாய்மார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஓவியர்களும் இக்காட்சியையே விரும்பினார்கள். நீல அங்கி அணிந்த முதியவர், அருகிலே திறந்த கல்லறை: சில்வெஸ்தரின் படங்களிற் பல இப்படியே அமைந்துள்ளன. அப்படங்களிலே அந்த மேற்றிராணியாரை நான் கண்டதில்லை. நிலையாமையைப் படமாக்கி மாட்டுவது எளிது. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட ஒரு சொல்லைப் படமாக்கினால், அதனை மாட்டுவதற்குச் சுவர் கிடைப்பது அரிது.

1227ஆம் ஆண்டிலே, ஐம்பது வயதளவில், அவர் ஊரை விட்டுப் புறப்பட்டார். வனாந்தரமான ஓரிடத்திலே மிகுந்த வறுமையில் வாழ்ந்தார். அந்நிலத்துக்குரிய பிரபு அவரை இன்னாரென்று அறிந்து, வேறொரு நல்ல இடத்தைக் கொடுத்தான். அங்கேயும் நிலைக்க முடியவில்லை. காரணம் ஈரம். ஈரத்தின் கொடுமை தாளாமல் அவ்விடத்தை விட்டு, குரோத்தா ஃபுச்சிலே என்னும் குகைக்குச் சென்று தங்கினார் என்று சரித்திரம் கூறுகிறது.

இந்தச் சிறு செய்தி என்னை நிறுத்திவிட்டது. வெறுந்தரையிலே படுத்து, பச்சிலையும் தண்ணீரும் உண்டு உடலை ஒறுத்த ஒரு தவசிக்கே ஈரம் பொறுக்கவில்லை! எங்கள் லயம் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய லயம். பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையே ஒரு காணுக்கு மட்டுமே இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவிலே நாங்கள் ஏழு பேர் இருந்தோம். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பின்சுவர் வியர்க்கும். படங்குச் சாக்கு நனையும். அடுப்புப் புகை வெளியேற வழியின்றிக் கூரையிலே தங்கும். அம்மாவின் இருமல் ஆனி மாதத்திலே தொடங்கினால் ஐப்பசியிலேதான் ஓயும். கூரைத் தகரத்தை மாற்றித் தரும்படி அப்பா தோட்ட நிர்வாகத்திடம் எத்தனையோ முறை கேட்டார், கிடைக்கவில்லை. ஈரமான இருப்பிடத்தை விட்டு வேறொன்றுக்குப் போகும் உரிமை சில்வெஸ்தருக்கு இருந்தது. லயத்து மனிதனுக்கு வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வந்தன. காம்பராவை விடுவதென்றால் வேலையையும் விடவேண்டும். துறவிக்கும் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விஷயத்திலேயே அடங்கிக் கிடக்கிறது.

குகையிலிருந்தவரைத் தேடிச் சீடர்கள் வந்தனர். கூட்டமாக வாழ ஒரு விதி வேண்டியதாயிற்று. ஆறாம் நூற்றாண்டிலே ஆசீர்வாதப்பர் வகுத்த விதியை அவர் ஏற்றார். அவ்விதி செபத்தோடு கையுழைப்பையும் கட்டாயமாக்கியது; துறவி எதையும் தன்னுடையது என்று வைத்திருக்கலாகாது என்றது. ஆனால் எழுநூறு ஆண்டுகளிலே அதன் பேரால் எழுந்த மடங்கள் பல, பெரும் நிலப்பிரபுக்களாகிவிட்டன. தனித்தனித் துறவி ஏழை, மடமோ செல்வமுடையது. வயலிலே குடியானவன் உழைத்தான். மடாதிபதி வாரம் வாங்கினார். இதனைத் திருத்தும் முயற்சிகளும் இடையறாது எழுந்தன. 910இல் குளூனி மடம் சீர்திருத்தமாகவே தொடங்கியது. காலப்போக்கில் அதுவே செல்வத்திலே திளைத்தது. 1098இல் தொடங்கிய சிஸ்தேர்சியர் சபையும் சில தலைமுறைகளிலே அவ்வழியே சென்றது. இந்த வரிசையிலே வந்தவர்தாம் சில்வெஸ்தர். 1231ஆம் ஆண்டளவில், ஃபப்ரியானோ நகருக்கு அருகே மொந்தே ஃபானோ என்னும் மலையிலே தம் மடத்தைக் கட்டினார். ஆசீர்வாதப்பரின் விதியை, சிறப்பாக ஏழ்மை பற்றிய பகுதியை, கண்டிப்போடு கைக்கொள்வதே அவர் செய்த சீர்திருத்தம். 1247இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்ற் அச்சபைக்கு அங்கீகாரம் அளித்தார். 1267 நவம்பர் 26ஆந் திகதி, ஏறத்தாழத் தொண்ணூறு வயதிலே சில்வெஸ்தர் காலமானார்.

அவரை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. நிலவுடைமை என்னும் அமைப்பை அவர் எதிர்த்தாரல்லர். குடியானவனின் வாரத்தை ஒழிக்க அவரிடம் திட்டம் எதுவும் இருக்கவில்லை. தானும் தன் சீடரும் அந்தச் செல்வத்திற் பங்குகொள்வதில்லை என்பதோடு அவர் நின்றார். அக்காலத்துச் சமுதாயம் ஒரு தனி மனிதனுக்கு விட்டிருந்த இடம் அவ்வளவே எனலாம். தனிமனிதத் துறவினால் சமுதாயம் மாறிவிடாது என்பதற்கு மடங்களின் வரலாறே சான்று. ஒவ்வொரு சீர்திருத்தமும் பழைய செல்வத்தை உதறிவிட்டுப் புறப்பட்டது. சில காலத்திலே புதிய செல்வம் அதனைச் சூழ்ந்தது. உற்பத்தி உறவு மாறாதவரை ஏழ்மை விரதமும் சொத்தாகத் திரண்டுவிடும் என்பதை ஐரோப்பிய மடங்களைப் போலத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறு அதிகமில்லை.

இத்தகையவர் ஏன் மறக்கப்பட்டார்? அண்டைப் பிரதேசமான அசிசியிலே, அதே தலைமுறையிலே, பிரான்சிஸ் தோன்றினார். அவர் தெருவிலே பாடினார். மக்கள் மொழியிலே பேசினார். அவர் புகழ் உலகெங்கும் பரவியது. மலையிலே மௌனமாய் வாழ்ந்தவரின் புகழ் மலையோடு நின்றது. சபையும் சிறியதாகவே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே சில ஆண்டுகள் இன்னொரு சபையோடு இணைக்கப்பட்டுப் பின்னர் பிரிந்தது. 1969இல் உலகத் திருச்சபையின் பொது நாட்காட்டி திருத்தப்பட்டபோது, நவம்பர் 26ஆந் திகதியிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. தோட்டத்திலே ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. சில்வெஸ்தருக்குச் சரித்திரம் போட்டது அரைப்பேர்தான்.

ஆயினும் அச்சிறு சபை நமது மலைகளுக்கு வந்தது. 1845ஆம் ஆண்டிலே அச்சபைத் துறவியான யோசேப் மரியா பிராவி இலங்கையை அடைந்தார். கண்டிச்சீமையிலே காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த காலமும் அதுவே. வழியிலே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் எண்ணிலடங்கார். 1854இல் இத்துறவிகள் கண்டியிலே புனித அந்தோனியார் கல்லூரியை நிறுவினர். 1883இல் கண்டிப் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டு இச்சபையாரின் பொறுப்பிலே விடப்பட்டது, 1886இல் மறைமாவட்டமாயிற்று. நுவரெலியாவும் ஹட்டனும் அதனுள் அடங்கியவை. குதிரையிலும் கால்நடையாகவும் தோட்டந் தோட்டமாகச் சென்ற இத்தாலியக் குருமார் தமிழ் கற்றார்கள். லயத்துப் பிணியாளரின் பக்கத்திலே அமர்ந்தார்கள். இதனை மறுப்பது நன்றியின்மை. அதே வேளையில், துரைமாரின் அனுமதியின்றி எவரும் தோட்டத்தினுள் கால்வைக்க முடியாத நாட்கள் அவை என்பதையும் மறக்கலாகாது. அனுமதி பெற்று உள்ளே வருபவர், அனுமதி கொடுத்தவரைக் கண்டிப்பது எளிதன்று.

என் பிள்ளைப்பிராயத்திலே, அடுத்த காம்பராவிலிருந்த கிறிஸ்தவக் குடும்பத்தாரோடு தோட்டத்துச் சிற்றாலயத்துக்குச் சிலவேளை செல்வதுண்டு. பூசைக்குப் பின் கிடைக்கும் கடலையும் ஒரு காரணம். ஒரு வருடம் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. இரண்டாவது கிழமையிலே அரிசி முடிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த பிரசங்கியார் யார் என்பது இங்கே வேண்டியதில்லை. புனிதர்கள் ஏழ்மையை விரும்பி ஏற்றார்கள். நீங்களும் பொறுமையோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் போதித்தார். முன்வரிசையிலே, ஈரக் கம்பளியைத் தோளிற் போர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவி சற்று உரக்கவே சொன்னாள்: "விரும்பி ஏத்துக்கிட்டாங்க சாமி. எங்கள யாரு கேட்டா?"

எந்த இறையியற் கல்லூரியிலும் பயிலாத அக்கிழவியின் வினாவிலே சில்வெஸ்தரின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. அவர் கைவிட்டது தம்மிடம் இருந்ததை: கானோன் பதவியை, வருமானத்தை, தந்தையின் குடும்பப் பெருமையை. ஏழ்மையை ஏற்கும்படி அவர் கேட்டதும் துறவிகளையே. மடத்து வயலில் உழுதவனிடம் சென்று, உன் பசியைப் புண்ணியமாகக் கொள் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தியுமில்லை. இருப்பவன் துறந்தால் அதற்குத் துறவு என்று பெயர். இல்லாதவனிடமிருந்து இன்னும் பறிப்பதற்கு அப்பெயரைச் சூட்டுவது மோசடி.

தமிழ்நாட்டிலே இந்த உண்மையை ஐயமற உணர்ந்தவர் இராமலிங்க அடிகள். பசித்தவனுக்கு உபதேசம் செய்யுமுன் சோறு போடவேண்டும் என்று கண்டு, 1867இல் வடலூரிலே தருமச்சாலையைத் திறந்தார். சில்வெஸ்தர் மறைந்து சரியாக அறுநூறு ஆண்டுகள் கழிந்த ஆண்டு அது. அதே 1867இலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். வடலூரிலே அடுப்பு எரியத் தொடங்கிய ஆண்டிலே, அதே தமிழ்நாட்டுப் பஞ்சத்திலிருந்து தப்பி வந்தோருக்கு இங்கே ஒரு புதிய பயிரின் பெயரால் பழைய நுகத்தடியே தயாராயிற்று.

சில்வெஸ்தரின் சபையிலே அவரது முதல் அடியை மீண்டும் எடுத்துவைத்தவர் ஒருவர் நம் காலத்திலேயே இருந்தார். லியோ நாணயக்கார என்னும் சிங்களத் துறவி, 1959 முதல் கண்டியின் ஆயராக விளங்கினார். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. பழம்பெருமையும் கல்லூரிகளும் பேராலயமும் கொண்ட கண்டியை விட்டு, வசதி குன்றிய பதுளைக்கு அவர் முதல் ஆயராகச் சென்றார். பண்டாரவளையிலே 'சேவக செவண' என்னும் குருமடம் அவர் காலத்திலே தோன்றியது. குருவாக வருபவன் மதில்களுக்குள் அடைபட்டுக் கிடவாமல், கிராமத்து மக்களோடும் தோட்டத்து மக்களோடும் பழகிப் பயிலவேண்டும் என்பதே அதன் நோக்கு. 1973, 74ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்த காலத்தை நேரிற் கண்டவர்கள், அந்நோக்கின் பெறுமதியை அறிவார்கள். 1982இல் அவர் மறைந்தார். கத்தோலிக்கர் அல்லாத நம்மவரிடையே, சிங்களவர் தமிழர் என்ற பேதமின்றி, இன்றும் அவரை நன்றியோடு நினைப்போர் உளர். ஓசிமோவை விட்டு மலைக்குச் சென்றவருக்கும், கண்டியை விட்டுப் பதுளைக்குச் சென்றவருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. பாதை ஒன்றே.

அப்புத்தளையிலே அடிஷம் மாளிகை இருக்கிறது. பெரும் தோட்டக் கொம்பனியொன்றின் தலைவரான சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. இங்கிலாந்துப் பாணிக் கருங்கற் சுவர், புகைபோக்கிகள், ரோஜாத் தோட்டம், ஆயிரக்கணக்கான நூல்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து அது சில்வெஸ்தர் சபையாரின் மடம். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். துறவிகள் தாமே பழம் பறித்து, ஜாமும் பழச்சாறும் செய்து விற்கிறார்கள். துரையின் மாளிகையிலே கையுழைப்பு நுழைந்துவிட்டதைக் கண்டு மகிழ்ந்தேன். அவ்வேளையில் என் மாணவி ஒருத்தி சன்னலருகே நின்று, கீழே சரிவிலே தெரிந்த லயங்களைக் காட்டி, "சேர், அந்த வீடும் இந்த வீடும் ஒரே காலத்திலயா கட்டினாங்க?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது.

நம் மக்களும் ஊரை விட்டவர்களே. ஆனால் சில்வெஸ்தரைப் போல விட்டவர்களல்லர். 1948இல் பிரஜாவுரிமையை இழந்தனர். 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தது. ஹட்டன் ரயில் நிலையத்திலே தகரப்பெட்டிகளோடு ஏறியவர்களை எவரும் துறவிகள் என்று அழைக்கவில்லை. அப்படி அழைத்திருந்தாலும் அது பொய்யாகவே இருந்திருக்கும். இங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமை முழுமையாகக் கிடைக்க 2003 வரை செல்லவேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாய்த் தாம் வாழும் காம்பராவுக்கும் அதைச் சூழ்ந்த துண்டு நிலத்துக்கும் உறுதி இல்லாதவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளனர்.

எனவே, நாடு நெருக்கடியில் இருக்கிறது, எல்லோரும் தியாகம் செய்யவேண்டும் என்று தோட்டத்து மக்களிடம் எவரேனும் பேச வந்தால், அவர் மதகுருவாயினும் மந்திரியாயினும் கொம்பனி முகாமையாளராயினும், அவரிடம் சில்வெஸ்தரின் கதையைச் சொல்லவேண்டும். அந்தப் படத்திலே வரையப்படாமற் போன மேற்றிராணியாரின் பகுதியையும் விடாமற் சொல்லவேண்டும். ஓசிமோப் பேராலயத்திலே தியாகம் மேலிருந்துதான் தொடங்கியது. நம் மலைகளிலே இன்னும் அது தொடங்கவில்லை.